இடது பக்கம் ஒரு கோடு

ஆல்பேட்டைக்குச் சற்று முன்னால், ரோட்டோர ஷோரூமில்
வழுவழுப்பான தாள் ஒன்றை நீட்டினான் விற்பனைப் பையன்.
மூன்று பத்தி. பேஸ், மிடில், டாப்.
இருப்பதற்கு டிக். இல்லாததற்குச் சின்னதாய் ஒரு கோடு.
டிக்கைப் பார்த்தால் எனக்குத் தூண்டில் முள்தான்.
கோடு, ஒன்றும் மாட்டாமல் திரும்பிய நரம்பு.

"டாப்ல ஹில் ஹோல்டு இருக்குக்கா,
மேட்டுல நிறுத்தினா வண்டி பின்னால வராது."
எங்கள் ரூட்டில் மேடு என்றால் பாலங்கள் மட்டும்.
"பேசினா கேக்கும். ஏசியக் குறைன்னா குறைச்சிரும்."
தமிழ் தெரியுமா என்றேன்.
"இப்போதைக்கு இங்கிலீஷும் இந்தியும்க்கா."
மாசிலாமணி அதற்குள் திரையைத் தொட்டுவிட்டார்.
எந்த சோப்புக்கும் வாசனை போகாத விரல்.
அது தொட்டதும் ஒளிர்ந்ததில்
அவர் முகம் ஒரு நிமிஷம் நீலமாய் இருந்தது.

எனக்குக் கணக்குப் புத்தகக் கண்.
மேலிருந்து கீழே ஓட்டினேன்.
ஏபிஎஸ்: கோடு, டிக், டிக்.
பின்பக்கக் கேமரா: கோடு, கோடு, டிக்.
காற்றுப்பை, ஓட்டுநருக்கு: மூன்றிலும் டிக்.
காற்றுப்பை, இடது பக்கம்: கோடு, கோடு, டிக்.

அந்தக் கோட்டில்தான்
பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்,
மடியில் பில் புக்கும் காலடியில் தராசுமாக.
"ஓட்றவங்களுக்குத்தானேக்கா முக்கியம்" என்றான்.
கண்ணாடி ஆள் பார்த்தா உடைகிறது, தம்பி?

போன மாசியில், முள்ளோடை.
காலிப் பெட்டிகளோடு திரும்பும் இரவு.
பிராந்திக் கடைப் பக்கமிருந்து
விளக்கில்லாத பைக் ஒன்று ரோட்டுக்கு வந்தது.
சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பள்ளத்துக்கு இழுக்க,
ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இவருடைய இடது கை
என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்தது.
வந்தது என்ன, அறைந்தது.
மூன்று நாள் கன்றிப்போய்க் கிடந்தது.
பைக்காரன் எங்களுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

பின்னால் பெட்டிகள் சரிந்து ஓய்ந்ததும்
கூரையில் ரெண்டு தட்டு.
கலியன்.
இருக்கேன் என்று அர்த்தம், போகலாம் என்றும்.
இந்தத் தாளில் கலியனுக்கு ஒரு கோடுகூட இல்லை.

அப்புறம்தான் அடியில் பொடி எழுத்தைப் பார்த்தேன்.
பேஸிலும் மிடிலிலும் நீள சீட்,
ஓட்டுநரோடு இன்னும் இரண்டு பேர்.
டாப்பில் தனித்தனி சீட். ஒருவர்தான்.
"கார்ல போற மாதிரி இருக்கும்க்கா."
மிடிலிலேயே அந்தப் பையை வைத்துத் தர முடியாதா,
காசு தருகிறேன் என்றேன்.
"கம்பெனிலேர்ந்தே வரணும்க்கா."

இரண்டுக்கும் நடுவே எழுபத்திரண்டாயிரம்.
வஞ்சிரம் படும்போது ஒரு நல்ல வாரம்.
காசுக்காகத்தான் மிடில் என்றேன் என்று
இவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும்.
திரையிலிருந்து விரலை மெதுவாக எடுத்தார்.
அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வண்டி வந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள்.
கலியன் உள்ளே வரமாட்டேன் என்கிறான்.
பொட்டி நகந்துரும்க்கா.
ஏசில தூங்கிருவேன்க்கா.
புது சீட்டு, ஐஸ் தண்ணி சொட்டும்க்கா.

இன்று துறைமுகத்தில் மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது.
கோணி ஒன்றை விரித்து நடுவில் உட்கார்ந்தான்,
முட்டி கியரில் இடிக்க,
யார் வீட்டுக்கோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி.
நடு சீட்டுக்கு இடுப்பில் மட்டும் ஒரு பட்டை.
அதைத் தொடைக்கடியில் தேடிக்கொண்டே வந்தான்.
நான் எடுத்துக் கொடுக்கவில்லை, கூச்சப்படுவான்.

கெடிலம் பாலம் ஏறுகையில் க்ளிக் கேட்டது.
பழக்க தோஷம்.
கையை உயர்த்தி
உள்ளிருந்தே கூரையை ரெண்டு தட்டு தட்டினான்.